பதினோராவது பிளாப்பி

என் மனைவி பேசியது பதினைந்து எம்.பி. இருந்தது.

கம்பம் டவுனில் நான் திராட்சைப் பெட்டி போட்டுக்கொண்டிருந்த மண்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. தொண்ணூற்றொன்பதில், ரேஷன் கார்டு மனு அடிக்க நானும் அவளும் அங்கே போனோம். கடைக்காரர் புதிதாக ஒரு மைக் வாங்கி வைத்திருந்தார். பேசினால் கம்ப்யூட்டர் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று சொல்லி, மைக்கை என்னிடம் நீட்டினார். நான் வாசலைப் பார்த்தேன்.

“அவுகள ஏன் கேக்குறீக? வீட்டுலயே பேச மாட்டாக. இங்கன கொண்டாங்க” என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக என்னைத்தான் திட்டினாள். இறங்கணும் என்று சொல்லக் கூச்சப்பட்டு பஸ்ஸில் அடுத்த ஊர்வரை போனதைச் சொன்னாள். கல்யாண வீட்டில் சாம்பார் கேட்காமல் வெறும் சோற்றைத் தின்றதைச் சொன்னாள். கடைக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். கடைசியில், “போதும், நிறுத்துங்க. இன்னும் பேசுனா இவுக ஊருக்கு நடந்தே போயிருவாக” என்று முடித்தாள். எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டி, பஸ்ஸில் போகிற தூரம்.

அடுத்த வருடம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். தேனியில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். காரியம் முடிந்த மூன்றாம் நாள் நான் மண்டிக்குப் போய்விட்டேன். அறுத்த பழம் காத்திருக்காது.

சில மாதம் கழித்துக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கப் போகிறாராம்.

“அண்ணே, மதினி பேசுனது இதுக்குள்ள கெடக்கு. அழிச்சிரவா, இல்ல பிளாப்பியில ஏத்தித் தரவா? ஒருவாட்டி கேக்குறீகளா?”

கடையில் நாலு பேர் இருந்தார்கள். கேட்க வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஏத்திக் கொடுங்கள் என்று தலையை ஆட்டினேன்.

“பதினஞ்சு எம்.பி. ஒரு பிளாப்பி ஒண்ணு புள்ளி நாலு நாலுதான் தாங்கும். துண்டு போட்டுத்தான் ஏத்தணும். எத்தன வேணும்னு பாப்போம்” என்று கால்குலேட்டரைத் தேடினார்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். எங்களுக்குப் புள்ளிக் கணக்கு நடத்தவில்லை. ஒரு கிலோ நானூற்று நாற்பது கிராம் பிடிக்கிற பெட்டி என்று வைத்துக்கொண்டேன். பழம் பதினைந்து கிலோ. பத்துப் பெட்டிக்குப் பதினாலு கிலோ நானூறு கிராம் போகும். மீதி அறுநூறு கிராம். அதற்கும் ஒரு பெட்டி வேண்டும்.

“பதினொண்ணு” என்றேன்.

“யாத்தே! வாயத் தெறந்தா கணக்கோடதான் தெறப்பீகளோ?” என்றார்.

பதினொன்றுக்கும் அவரே பேனாவால் எண் எழுதிக் கொடுத்தார். வீட்டில் பீரோ மேல் ஒரு ஸ்வீட் பெட்டியில் வரிசையாக வைத்தேன். ஒன்றுக்கு அரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பேச்சு வரும். பஸ் இரண்டிலோ மூன்றிலோ இருக்கும், சாம்பார் ஏழில் இருக்கும் என்று குத்துமதிப்பாக நினைத்துக்கொள்வேன்.

ஒன்பது வருடம் கேட்கவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் ஆள் இருந்தது. அத்தனை பேர் நடுவில் அவள் என்னைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பிவிடுவேன். அந்தக் கடைக்காரரும் கடையை மூடிவிட்டு வெளியூர் போய்விட்டார். புதிய கம்ப்யூட்டர்களில் பிளாப்பி போடும் வாயே இல்லை.

இரண்டாயிரத்துப் பத்தில், பொங்கலுக்கு மறுநாள் மதியம் சூரிய கிரகணம். வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெருவே வெளியில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் கேரளா எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவர். கூட்டத்தோடு என் வாசலுக்கு வந்தார்.

“அண்ணே, பீரோ மேல பிளாப்பி வச்சிருக்கீகள்ல, ஒண்ணு குடுங்க. உள்ள இருக்குற பிலிமு வழியாப் பாத்தா சூரியன் கண்ணு கூசாதாம்.”

நான் பீரோவைத் திரும்பிப் பார்த்தேன்.

“அவுக தர மாட்டாக. பிளாப்பிக்குள்ள தங்கம் பதுக்கி வச்சிருக்காக” என்றாள் எதிர்வீட்டுப் பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

அதில் என்ன இருக்கிறது என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. உள்ளே போனேன். மண்டியில் நிறையாத கடைசிப் பெட்டி லாரியில் ஏறாது, நிற்கிறவர்களில் யாராவது வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பதினொன்று என்று எழுதியதை எடுத்தேன். அறுநூறு கிராம்தான். அதில் இருந்ததும், போதும் நிறுத்துங்க என்பது மட்டும்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் அதை உடைத்துக் கறுப்பு வட்டத்தை உருவினார். வரிசையில் எனக்கும் வந்தது. சூரியன் பழுப்பு நிறத்தில், வெட்டிப் போட்ட நகம்போலத் தெரிந்தது. அடுத்த ஆளிடம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான், மீதிப் பத்தும் இப்படியே போய்விடும் என்று தோன்றியது. உத்தமபாளையம் கோர்ட்டுப் பக்கம் மனு அடிக்கும் ஒரு பெண்ணிடம் இன்னும் பழைய கம்ப்யூட்டர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கோர்ட் இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்துப் போனேன். கடையில் வேறு ஆள் இல்லை. அந்தப் பெண் முதல் பிளாப்பியைப் போட்டாள். அது கரகரவென்று சுற்றி நின்றது.

“கடைசி பிளாப்பியப் போடச் சொல்லுது. கடைசி எதுண்ணே?”

“பதினொண்ணு. அது இல்ல.”

“இல்லையா? எதெது எங்கன இருக்குங்கிற விவரமே அதுலதாண்ணே எழுதியிருக்கும். மொதல்ல அதத்தான் கேக்கும். அது இல்லாம இந்தப் பத்தும் தெறக்காது.”

வேறு வழியிலும் முயன்று பார்த்தாள். பிறகு பத்தையும் அடுக்கிக் கொடுத்தாள்.

“என்னண்ணே இருந்துச்சு?”

“வீட்டுப் பேச்சு” என்றேன்.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பக்கத்து வீட்டுக்காரர் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கறுப்பு வட்டம் முன்கண்ணாடிக்கு மேலே செருகியிருந்தது. அதன்மேல் தெருவில் எல்லோருடைய விரல் தடமும் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

“என்னண்ணே, வேணுமா?”

“இல்ல, இருக்கட்டும்” என்றேன்.

ஜீப் போய்விட்டது. வீட்டுக்குள் போய்ப் பத்தையும் பழைய வரிசையிலேயே வைத்தேன்.