ஜெனி மேலே போன சாயங்காலம்

எங்கள் வீட்டு வாசலில் அத்தனை செருப்புகளை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், என் மாமனார் இறந்த அன்று. 2009 மார்கழியில் ஒரு சாயங்காலம், முதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது மறுபடி பார்த்தேன். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். என் ஒரே மகள் ஜெனி அந்த நேரம் வடக்கே எங்கேயோ, இருட்டில், தன்னந்தனியாக விமானம் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை பெற்றவர்கள் நீங்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒன்றாகக் கூடி ஜெபிக்கிற நம் அன்பியத்துச் சொந்தங்களே, என்னைத் தையல்கடை செலினாக உங்களுக்குத் தெரியும். வாய் ஜாஸ்தி என்பதும் தெரியும். என் கணவர் ஆரோக்கியம் அரசு பஸ் டிரைவர், பாதி நாள் நைட் சர்வீஸ். ஜெனி பிளஸ் டூ முடித்ததும் பைலட் ஆகப் போகிறேன் என்றாள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை, டீச்சர் டிரெயினிங்கில் சேர்த்துவிடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் எனக்கு வீம்பு வந்தது. பைலட் படிப்பிலேயே சேர்த்துவிட்டேன்.

பகலில் அவள் முதல் தடவை தனியாக ஓட்டியபோது தெரு முழுக்க நானே மிட்டாய் கொடுத்தேன். ராத்திரியிலும் தனியாக ஓட்ட வேண்டும் என்று அவள் சொன்னபோதுதான் சண்டைக்கு நின்றேன்.

"பக்கத்துல உங்க சார் உட்கார்ந்துக்கட்டுமே. அவருக்கு என்ன கேடு?" என்று போனில் கேட்டேன்.

"அவரு இருந்தா என் கை பாதி வேலைய அவருக்கு விட்டுடுதும்மா. நாளைக்கு எனக்குப் பின்னால அத்தன பேரு உட்கார்ந்திருப்பாங்க. அப்போ நான் யாரப் பாக்குறது?"

"படிக்கிற புள்ளைங்கள ராத்திரியில தனியா அனுப்பக் கூடாதுன்னு ஒரு சட்டம் போட மாட்டாங்களா?"

"தனியா ஓட்டினாத்தான் லைசென்ஸுன்னு சட்டமே இருக்குதும்மா."

அவள் அப்பாவும் அவள் பக்கம்தான். "நானும் நைட்டு வண்டிதானே ஓட்டுறேன். பக்கத்துல ஒருத்தன் இருக்கிற வரைக்கும் எவனும் டிரைவர் ஆக முடியாது செலினு" என்றார்.

"உங்க வண்டி ரிப்பேரானா ரோட்டுல நிக்கும். அவ வண்டி எங்கங்க நிக்கும்?"

அவர் சாப்பிட்டுவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு எனக்கு ஒரே ஜெபம்தான். மாதாவே, அங்கே மழையைக் கொடு, பனியைக் கொடு, ஒன்றும் முடியாவிட்டால் அவளுக்கு ஒரு சளிக்காய்ச்சலாவது கொடு. தனியாக மட்டும் அவளை அனுப்பிவிடாதே. சிரிக்காதீர்கள், அப்படித்தான் வேண்டினேன். இரண்டு தடவை பனி என்று தள்ளிப்போட்டார்கள். நான் கோயில் வாசல் மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

அன்றைக்கு நான் அண்ணாமலை நகரில் இருந்தேன். டாக்டருக்குப் படிக்கிற ஆஸ்டல் பிள்ளைகளுக்குத் தைத்த வெள்ளைக் கோட்டுகளைக் கொடுத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஜெனி கூப்பிட்டாள்.

"அம்மா, வானம் நல்லா இருக்குது. இருட்டினதும் என்ன அனுப்புறாங்க. ஜெபம் பண்ணிக்க."

அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். சிதம்பரத்தில் பஸ் ஏறியதும் நம் கோயில் உபதேசியார் சூசைக்குப் போன் போட்டேன். சாயங்காலப் பூசையில் அவளுக்காக ஒரு வேண்டுதல் வைக்கச் சொல்லத்தான். டிரைவர் விடாமல் ஆரன் அடித்துக்கொண்டே போனார். நான் கத்தினேன், "அண்ணே, எங்க ஜெனி இன்னைக்குத் தனியா மேல போறா. பூசையில வேண்டிக்கிங்க."

"என்னாது, மேல போய்ட்டாளா?" என்றார் அவர்.

எனக்கு அது "மேல போறாளா" என்றுதான் காதில் விழுந்தது. "ஆமாண்ணே, ஆமா" என்றேன். அதற்குள் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துபோனது. நம் பேச்சில் ஒருத்தர் மேலே போய்விட்டார் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பைலட்டைப் பெற்ற எனக்குத்தான் அந்த நேரத்தில் மறந்துபோனது.

சூசையண்ணன் எனக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார், லைன் போகவில்லை. என் கணவருக்குப் போட்டிருக்கிறார், வண்டி ஓட்டுகிற நேரம், அதுவும் அணைந்திருந்தது. கடைசியில் பூசை ஆரம்பிக்கும் முன், ஆரோக்கியம் செலின் தம்பதியரின் மகள் ஜெனிபரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று மைக்கில் வாசித்துவிட்டார். பூசை முடிந்ததும் கோயிலே எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு பெர்னதெத் அக்காவிடம்தான் எங்கள் வீட்டுச் சாவி இருக்கும், அவள் திறந்துவிட்டிருக்கிறாள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் வாசல் ஏறினேன். பெர்னதெத் அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "ஜெனி போய்ட்டாளே செலினு" என்றாள்.

விமானம் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சத்தம் போட்டு அழக்கூட வரவில்லை. மாதா படத்தைப் பார்த்து, இதைத்தானே வேண்டாம் என்று கேட்டேன், வேறு என்ன கேட்டேன் உன்னிடம் என்று மட்டும் சொன்னேன்.

யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டே, "உனக்கு எப்ப தகவல் வந்துச்சு?" என்று கேட்டாள்.

"எனக்கு ஏது தகவல்? இப்ப நீதானே சொன்ன."

"நீதான் சூசையண்ணனுக்குப் போன் பண்ணியாமே?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சூசையண்ணன் வாசப்படியோரம் துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். "தனியா மேல போய்ட்டான்னு நீதானம்மா சொன்ன" என்றார்.

அவரை என்னென்ன திட்டினேன் என்று இங்கே சொல்ல முடியாது, பங்குச் சாமியார் உட்கார்ந்திருக்கிறார். அழுகை, சிரிப்பு, கோபம் எல்லாம் ஒன்றாக வந்தது. ஆனால் வீட்டுப் போனை எடுத்து ஜெனிக்குப் போட்டால் அவள் போன் அணைந்திருந்தது. அப்படியென்றால் அவள் இப்போது மேலே இருக்கிறாள். நிஜமாகவே தனியாக இருக்கிறாள்.

கூட்டம் கிளம்பப் பார்த்தது. பெர்னதெத் அக்காதான் தடுத்தாள். "வந்தது வந்துட்டோம். அந்தப் புள்ள எறங்குற வரைக்கும் உட்கார்ந்து ஒரு ஜெபமாலை சொல்லிட்டுப் போவோம்."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் தெருவிலும் உட்கார்ந்தார்கள். சாவு வீட்டுக்கென்று வந்தவர்கள் உயிரோடு இருக்கிற பிள்ளைக்காக ஜெபித்தார்கள். சூசையண்ணன் முழங்காலில் நின்றே முழுவதையும் சொன்னார். நான் அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு, போன் வரவில்லையே என்று மறுபடி ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது ஜெபமாலை முடிகிற நேரம் வீட்டுப் போன் அடித்தது.

"அம்மா, எறங்கிட்டேன்" என்றாள் ஜெனி. பிறகு நடந்ததைச் சொன்னாள். அவள் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோது கீழே கரண்ட் போய்விட்டது. ஓடுபாதை விளக்கு மொத்தமும் அணைந்துவிட்டது. டீசல் இல்லாமல் ஜெனரேட்டரும் ஓடவில்லை. கீழே ஒரே கறுப்பு, எது தரை என்றே தெரியவில்லை. அவளுடைய சார் ரேடியோவில், பயப்படாதே, பெட்ரோல் நிறைய இருக்கிறது, அதே உயரத்தில் சுற்றிக்கொண்டே இரு என்றாராம். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் ஓடி, மண்ணெண்ணெய் விளக்குகளைப் பாதையின் இரண்டு ஓரமும் வைத்துக் கொளுத்தியிருக்கிறார்கள்.

"கல்லறத் திருநாளுக்கு நாம மெழுகுவத்தி ஏத்துவோமேம்மா, மேலேர்ந்து பாத்தா அந்த மாதிரி வரிசையா இருந்துச்சு. அதப் பாத்ததும் பயம் போய்டுச்சு. நம்ம ஊரு ஆளுங்க எல்லாரும் கீழ நிக்கிறாப்போல இருந்துச்சும்மா. எறக்கிட்டேன்."

நம் கோயிலில் அவளுக்கு இறந்தோர் ஜெபம் சொன்னது அவளுக்குத் தெரியாது. வீடு நிறைய ஆள் இருப்பதும் தெரியாது. நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். மாதாவே, தனியாக அனுப்பாதே என்று கேட்டேன். நீ அனுப்பவில்லை. ஒரு தெருவையே எழுப்பி அவளோடு அனுப்பிவிட்டாய். நான் கூப்பிட்டிருந்தால் நாலு பேர் வந்திருப்பார்கள். சூசையண்ணன் காது சரியாகக் கேட்டிருந்தால் அதுவும் இல்லை.

படிக்கிற பிள்ளைகளை ராத்திரியில் தனியாகப் பறக்க விடலாமா என்று இப்போது என்னைக் கேட்டால், விடுங்கள் என்றுதான் சொல்வேன். பயந்து பயந்து நான் பிடித்து வைத்திருந்தால், என்றைக்கோ ஒருநாள் இருட்டில் ஓட்ட அவளுக்குக் கை வந்திருக்காது. ஆனால் கீழே இருக்கிறவர்கள் விளக்கையும் ஜெனரேட்டரையும் பார்த்துவிட்டு விட வேண்டும். ஜெபம் பண்ண ஆள் இருக்கிறது என்று டீசல் ஊற்றாமல் இருந்துவிடக் கூடாது. இதை அவள் சாரிடம் மறுநாளே போன் போட்டுச் சொன்னேன். பாவம், நல்ல மனிதர், முழுவதும் கேட்டுக்கொண்டார்.

இப்போது 2012. போன மாதம்தான் ஜெனிக்கு வேலை கிடைத்தது. முதல் முறையாக ஆள் ஏற்றிக்கொண்டு ராத்திரியில் ஓட்டினாள். அன்றைக்கும் பூசைக்கு வேண்டுதல் கொடுத்தேன். சூசையண்ணன் என்னை மூன்று தடவை திரும்பக் கேட்டுவிட்டு, மைக்கில், "உயிரோடு இருக்கும் ஜெனிபருக்காக" என்று வாசித்தார். கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

முன்பெல்லாம் என் பாரத்தை நானும் மாதாவும் மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்றிருப்பேன். இப்போது அப்படி இல்லை. உங்கள் பிள்ளையும் எங்கேயாவது தனியாக நிற்கலாம், பரீட்சையிலோ, ஆஸ்பத்திரியிலோ, தெரியாத ஊரிலோ. நம்பிக் கேளுங்கள், ஆண்டவர் தனியாக விட மாட்டார். எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்காருகிறேன். சாவு விழுந்தால்தான் வர வேண்டும் என்றில்லை.