கண்ணளவுக்காரரின் அகலத் திரை

அந்தத் தெருவில் அவருக்குக் 'கண்ணளவு' என்றுதான் பெயர். பெண்களுக்குத் தைக்கிற தையற்காரர், அளவு நாடாவைத் தொடவே மாட்டார். வாசலில் வந்து நிற்பவரை ஏற இறங்க ஒரு பார்வை, அவ்வளவுதான், கத்திரியை எடுத்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் இப்போது கடையைப் பாதி அடைத்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் காலையில் வந்த ஆசிரியையால். கணினிக்குப் படம் அனுப்பி, அதேபோல வட்டக் கழுத்து வைத்துச் சட்டை கேட்டிருந்தார். கண்ணளவும் திரையைப் பார்த்து வெட்டித் தைத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தால் கழுத்து இரண்டு தோளிலும் வழுக்கி இறங்குகிறது.

"என்னண்ணே இது? வட்டக் கழுத்து கேட்டா முட்டைக் கழுத்து வெச்சிருக்கீங்க! கண்ணு கிண்ணு போயிடுச்சா?"

ஆசிரியை விளையாட்டாகத்தான் கேட்டார். கண்ணளவுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. கண் போனால் பிறகு என்ன இருக்கிறது அவரிடம்? மனைவியிடம் மூச்சுவிடவில்லை. கணினி பழுது பார்க்கிற மச்சினனை மட்டும் ரகசியமாக வரச் சொன்னார்.

மச்சினன் வந்தான். திரையை ஒரு பார்வை பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமா, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. பழைய சதுரத் திரை போய் இந்த அகலத் திரை வாங்குனீங்கல்ல, படத்தோட அளவை மாத்தவே இல்ல. சின்னப் போர்வையைப் பெரிய கட்டிலுக்கு இழுத்து விட்ட மாதிரி எல்லாத்தையும் பக்கவாட்டுல இழுத்து வெச்சிருக்கு. வட்டம் முட்டையாத்தான் தெரியும்."

"அடப்பாவி! நான் செத்தே போயிட்டேன்டா!"

கண்ணளவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மச்சினன் திரை அமைப்புக்குள் போய், இந்தத் திரைக்கு உரிய அளவைத் தேர்ந்தெடுத்தான். படம் ஒருமுறை கறுத்து மீண்டது. ஆசிரியை அனுப்பிய கழுத்து அச்சு அசல் வட்டமாக நின்றது. கண்ணளவு வீட்டுக்குள்ளே பார்த்து டீக்குக் குரல் கொடுத்தார்.

"இருங்க, ஆள் படம் ஒண்ணு போட்டுப் பார்த்துடலாம்," என்று மச்சினன் கைக்கு முதலில் அகப்பட்டதைத் திறந்தான்.

மகள் படம்.

கல்யாணமாகி வெகு தூரத்து ஊருக்குப் போனவள். ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தத் திரையில்தான் வருவாள். கன்னமெல்லாம் பூரித்துக் கிடப்பாள். "புகுந்த வீடு உடம்புல ஒட்டியிருக்கு, என் கண்ணே பட்டுடும்," என்று மனைவி பூரித்துப் போவாள். அவரும் அந்தப் பூரிப்பில் இரண்டு விரற்கடை கூட்டி வெட்டிச் சட்டை தைத்து அனுப்பினார். "அளவெடுத்த மாதிரி இருக்குப்பா," என்று போட்டுக்கொண்டு படமும் அனுப்பினாள். அந்தப் படம்தான் இது.

திரையில் இருந்தவளுக்குக் கன்னமே இல்லை. கண்ணுக்குக் கீழே குழி, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"மறுபடியும் பழையபடியே வைடா," என்றார்.

"மாமா..."

"வைங்கிறேன்ல!"

மச்சினன் கை நகரவில்லை. கண்ணளவு மூக்கு இடிக்கிற அளவுக்குத் திரையை நெருங்கினார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தார். அக்குளிலிருந்து மடிப்புகள் எல்லாம் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடின. துணி சரியாக இருந்தால் அப்படி ஓடாது. தொளதொளவென்று தொங்கியதை முதுகுப் பக்கம் கொத்தாகச் சேர்த்து ஊசி குத்தியிருக்கிறாள். அப்பாவின் கண் கண்டுபிடித்துவிடும் என்று பயந்து குத்தியிருக்கிறாள். பாழாய்ப்போன இந்தக் கண் ஒவ்வொரு ஞாயிறும் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததே!

டீயோடு வந்த மனைவி திரையைப் பார்த்தாள். "யாருங்க இது?" என்றாள். பிறகு அவளுக்கே தெரிந்துவிட்டது, டம்ளர் கைநழுவியது.

கண்ணளவு போனில் மகளை அழைத்தார். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

"என்னப்பா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைகூட இல்லையே?" குரல் கிசுகிசுவென்று வந்தது.

"சட்டை சரியா இருக்காம்மா?"

"அளவெடுத்த மாதிரி இருக்குப்பா."

"முதுகுல எத்தனை ஊசி குத்தியிருக்க?"

அந்தப் பக்கம் எங்கோ கதவு ஒன்று திறந்தது. ஓர் ஆண் குரல், "யார்கிட்ட பேசற?" என்றது.

"நாலுப்பா," என்று அவசரமாகச் சொன்னாள். இணைப்பு அறுந்தது.

கண்ணளவு போனைச் சட்டைப் பையில் போட்டார். மச்சினன் வண்டியை எடுக்க ஓடினான். மனைவி கொட்டிய டீயை மிதித்துக்கொண்டே வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.