பூனை என்னைப் பார்க்கவில்லை

போன வருடம் கோடையில், ஒரு பௌர்ணமி அன்று நடந்தது இது. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. அன்றைக்குப் பகலிலேயே ஜனவெள்ளம்.

நான் வளர்க்கும் பூனை முந்தின நாளிலிருந்து பால்கூடத் தொடவில்லை. கூடத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வேர்க்கடலை மூட்டை அடுக்கியிருந்த மூலையையே இமைக்காமல் வெறித்தது. தொண்டைக்குள் ஓர் உறுமல் வேறு. யாருமில்லாத மூலையை அது அப்படிப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு கூசியது.

காலையில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண், "அது சும்மா மொறைக்காதுக்கா, நமக்குத் தெரியாதது என்னமோ அதுக்குத் தெரியுது" என்றாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்றால், அந்தக் கூட்டத்தில் ஆட்டோ நுழையாது. வீடியோ காலில் பார்க்கிற மாட்டு டாக்டர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் காட்டப் போகிறேன் என்றேன்.

"போன்லயே ஊசி போடுவாராக்கா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பௌர்ணமிக்கு வெளியாட்கள் உள்ளே வந்துவிடாமல் இருக்கக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திக்கொள்வது எங்கள் தெருப் பழக்கம். நானும் தாழ்ப்பாள் போட்டேன். வெளியே அரோகரா சத்தம் காதைப் பிளந்ததால் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.

பூனையின் முகத்தை நேராகக் காட்டச் சொன்னார். அது திரும்பினால்தானே? நானே அந்த மூலைக்குப் போய், மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, போனை அதற்கு நேராக நீட்டினேன்.

அவர் தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டார். பிறகு, "உங்க பக்கத்துல யாரும்மா இருக்காங்க?" என்றார்.

"நான் மட்டும்தாங்க டாக்டர்."

"யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுறாங்களே."

தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தேன். எனக்கும் கேட்டது. என் இடுப்புக்குப் பின்னால், குக்கரில் ஆவி இறங்குவது போல, நீளமாக ஒரு மூச்சு.

"பூனை உங்களைப் பாக்கலம்மா. உங்களுக்குப் பின்னாடி பாக்குது." அவர் குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "திரும்பாதீங்க. கையைக் கீழ ஊனாதீங்க. மெல்ல எழுந்து பூனை பக்கம் வந்துடுங்க."

எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. டாக்டரே இன்னொரு போனில் கூப்பிட்ட தீயணைப்புக்காரர்கள், கூட்டத்தைக் கடந்து நடந்தே வந்து சேரும்வரை அவர் என் போனை வைக்கவில்லை. மூட்டைச் சந்திலிருந்து அவர்கள் இழுத்தது, என் கை பருமனில் ஒரு கண்ணாடி விரியன். பாம்பு வெளியே போனதும் பூனை எழுந்து, சோம்பல் முறித்து, பால் குடித்தது.

இப்போதும் அது சில நாள் வெறும் சுவரை வெறிக்கும். நானும் பேச்சை நிறுத்திவிட்டு அங்கேயே பார்ப்பேன். பெரும்பாலும் என் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. ஆனால் அதனால் அங்கே எதுவும் இல்லை என்று மட்டும் நான் இப்போதெல்லாம் சொல்வதில்லை.