சூசை சாரின் டர்பைன் பிளேடு

சூசை சார் இன்று காலை பெங்களூரில் தவறிப்போய்விட்டார். அவர் மனைவி லூர்து அக்கா போனில் சொன்னார்... அதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

எங்கள் கடற்கரைப் பக்கத்து ஆலந்தலைக்காரர். ஜெட் என்ஜினுக்கான உலோகங்களைச் சோதிக்கிற லேபில் வேலை. எழுபதுகளில் கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்தால், லீவு விடுமுன் தூத்துக்குடியில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நடை வருவார். யாரும் கூப்பிட்டதில்லை. பிள்ளைகள் இன்ஜினியரிங் பக்கம் வரணும் என்று அவருக்கே ஒரு வெறி.

நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருடம் ஒரு டர்பைன் பிளேடு கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்கும்.

"செக்கச்செவேல்னு காஞ்சுபோய் சுத்தும். அப்பவும் ஒரு மயிரிழை நீளக் கூடாது. நீண்டா என்ஜின் போச்சு."

"கடத்தண்ணில துருப்பிடிக்குமா சார்?" நான்தான் கேட்டேன்.

"தெரியலயே ஏளா. எங்க லேப்ல கடல் இல்ல."

படித்த மனிதர் ஒருவர் தெரியாது என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். கைமாறிக் கைமாறி வந்த பிளேடு என்னைத் தாண்டிப் போகவில்லை.

தேடினார். ஒரு பிள்ளையின் பையைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை. "ஸ்டோர்ல கையெழுத்துப் போட்டு எடுத்தது. நான் ஊருக்குப் போறதுக்குள்ள குடுத்திருங்க" என்றார்.

நமக்குத்தான் கணக்குத் தெரியுமே... கிறிஸ்துமஸுக்கு வந்த எவன் ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முன்னால் ஊரைவிட்டுக் கிளம்பியிருக்கிறான்? அதற்குள் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று பிளேடை வலைக்கயிற்றில் கட்டி, அப்பா வள்ளம் கட்டும் கட்டையில் முடிந்து, கடலுக்குள் இறக்கிவிட்டேன்.

லேபில் அவ்வளவு லீவு கிடையாது. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளே சார் ரயிலேறிவிட்டார். வெறுங்கையோடு.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. பயந்துபோய் ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்பினேன். கூடவே ஒரு சீட்டு, என் பெயர் போட்டு. "பன்னிரண்டு நாள் கடலில் கிடந்தது. துரு இல்லை."

பதில் வந்தது. திட்டுதான் என்று நினைத்துப் பிரித்தேன். "எவ்வளவு ஆழம்? போடுமுன் எடை, எடுத்தபின் எடை? இது இல்லாமல் சோதனை ஆகாது. அடுத்த வருடம் சேர்ந்து செய்வோம்" என்று எழுதியிருந்தார்.

செய்தோம். அந்தத் தைரியத்தில்தான் வீட்டோடு சண்டை போட்டு மெட்டலர்ஜி படித்தேன்.

இன்று அக்கா போனை வைக்கும்முன் சொன்னார். "அந்தப் பிளேடுக்காக அவுகளுக்கு மெமோ குடுத்தாக பிள்ள. பிரமோஷன் ரெண்டு வருஷம் நின்னு போச்சு. 'நான் இருக்கமட்டும் அவகிட்ட சொல்லிராத, படிப்ப விட்டுருவா'ன்னாக. நீ வேலைக்குப் போன பொறவும் சொல்ல விடல."

எத்தனை தடவை அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்... அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஒரு தடவைகூட நான் மன்னிப்புக் கேட்டதில்லை.

மன்னிச்சிருங்க சார்... போய் வாங்க.