உள்ளங்கையில் இழுத்த கோடு

பொன்னியம்மாளுக்கு நாத்தனார் கமலம்மாவின் கைகள் மேல்தான் சந்தேகம்.

பத்து வயதில் வந்த காய்ச்சல் பொன்னியின் காதைக் கொண்டுபோய்விட்டது. அதற்கு முன் படித்த எழுத்து தங்கியது. பேச்சும் இருந்தது, ஆனால் குரலைக் கேட்டு ஊர் சிரித்ததால் வாயைப் பூட்டிக்கொண்டாள். நகரிக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு வீட்டுப் பேச்சு, தறிக்காரர் பேச்சு, டென்ட் கொட்டகைப் படம் எல்லாமே கமலம்மாவின் கைவழியாகத்தான் வந்தன. வாழாமல் அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள் அவள். படத்துக்கு அழைத்துப் போய், பக்கத்தில் உட்கார்ந்து கையாலேயே கதை சொல்லுவாள், மகராசி!

சொன்ன லட்சணத்தைப் பாருங்கள். திரையில் ஒருத்தி மாரடித்து அழுவாள். சுற்றியிருக்கும் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். கமலம்மா ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோவாள். சாப்பிட வரச் சொல்கிறாளாம். இதற்கா இத்தனை அழுகை?

கொட்டகையில் புளுகுகிறவள் வீட்டில் புளுகமாட்டாளா? குழந்தை இல்லாத வீடு. கொஞ்ச நாளாகப் புருஷன் நாகபூஷணமும் உறவுக்காரர்களும் கூடிக்கூடிப் பேசினார்கள். பொன்னி வந்தால் எல்லா வாயும் மூடிக்கொள்ளும். என்னவென்று கேட்டால் கமலம்மா பொன்னியின் உள்ளங்கையில் விரலால் ஒரு கோடு இழுப்பாள். எல்லையாம். நகரி ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராஸ் பக்கம் போகுமா என்ற பேச்சாம். எல்லைப் பேச்சுக்கு என்னை ஏன் ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும்? சக்களத்தி வரப்போகிறாளோ?

அந்த வாரம் கொட்டகையில் இந்திப் படம். யாருக்கும் பாஷை புரியாது என்று தெலுங்கிலும் தமிழிலும் எழுதிய சிலைடை நடுநடுவே போட்டார்கள். கமலம்மாவுக்கு எழுத்து தெரியாது. முதல் தடவையாக அவள் பொன்னியின் தோளைத் தட்டிக் கையால் கேட்டாள்: இன்னா எழுதிக்கீது?

'கணவன் வேறொருத்தியை மணக்கப் போகிறான். மனைவிக்கு மட்டும் தெரியாது' என்று எழுதியிருந்தது.

பொன்னி அவளையே பார்த்துக்கொண்டு ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனாள்.

கமலம்மா திரைக்குத் திரும்பினாள். அங்கே ஒருத்தி கழுத்தில் மாலை ஏறிக்கொண்டிருந்தது. கமலம்மாவின் முகம் செத்துப்போயிற்று. பொன்னியின் உள்ளங்கையை இழுத்து, அதில் இருந்த கோட்டை அழிப்பதுபோலத் தேய்த்தாள். பிறகு கழுத்தில் முடிச்சுப் போட்டுக் காட்டி, அண்ணனைப் போல இல்லாத மீசையை முறுக்கிக் காட்டினாள். கடைசியாகத் தன் வயிற்றைத் தட்டினாள். அவன் சோத்தைத் துன்னுறவ நான், எப்படிச் சொல்லுவேன்?

மறுநாள் காலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே நாகபூஷணம் ஏதோ சொன்னான். கமலம்மாவின் கை ஒரு சொல் விடாமல் சொன்னது: "புத்தலப்பட்டுல எல்லை மீட்டிங்கு. போய்க்கினு வர ரெண்டு நாளாவும்."

அண்ணனை ஒரு தரம் பார்த்தாள். அவன் சொல்லாத ஒன்றையும் அந்தக் கை சேர்த்துச் சொன்னது: பொய்.

பொன்னி பூட்டிய வாயைத் திறந்தாள். கரகரத்த குரல்தான், ஆனாலும் தெளிவாக வந்தது.

"பொண்ணு பேரு இன்னாய்யா?"