தோளில் நகர்ந்த ஒரு புள்ளி

ஆய்வகத்தில் அவளுக்குக் ‘கட்டம்’ என்று பெயர். ரத்த அணுக்களை எண்ணுவதற்கென்று ஒரு கண்ணாடித் தகடு உண்டு. அதில் மயிரிழையாகக் கட்டங்கள் கீறியிருக்கும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டே போக வேண்டும். எண்ணுவதற்கு இயந்திரம் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும் இயந்திரம் காட்டும் கணக்கில் யாருக்காவது சந்தேகம் வந்தால், “கட்டத்தைக் கூப்பிடு” என்றுதான் குரல் வரும். இவள் வந்து உட்கார்ந்து, உதட்டுக்குள் முணுமுணுத்தபடி எண்ணி, சரியான கணக்கைச் சொல்லிவிட்டு எழுந்து போவாள்.

ரத்தத்தைப் பிரிக்கும் இயந்திரத்தில் சோதனைக் குழாய்கள் சுழலும் பத்து நிமிடம் அவளுக்குச் சும்மா இருக்கப் பிடிக்காது. கட்டம் போட்ட காகிதத்தில் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக அடைத்து ஏதாவது வரைவாள். ஒரு நாற்காலி, ஒரு குடை, முகம் சுளிக்கிற ஒரு வெள்ளை அணு. அதைப் பார்த்த சக ஊழியை, “இதையே கம்ப்யூட்டர்ல போட்டா பிக்ஸல் படம்டி” என்றாள். அன்றைக்குப் பிடித்த பித்து. ஆறு வருடம் கழித்து ஆய்வக வேலையை வாரத்துக்கு மூன்று காலையாகக் குறைத்துக்கொண்டு, மீதி நேரமெல்லாம் சன்னலோரம் மேசை போட்டு உட்கார்ந்து விளையாட்டுகள் செய்ய ஆரம்பித்தாள். படம் அவள், நிரல் அவள், சத்தமும் அவள். கதவு கிறீச்சிடும் ஓசை வேண்டுமென்றால் வீட்டு அலமாரியை இருபது தடவை திறந்து மூடிப் பதிவு செய்துகொள்வாள். கணவர் பேருந்து ஓட்டுநர். “அந்த அலமாரிக்கு வாய் இருந்தா அழுதுடும்” என்பாரே தவிர, வேறு தொந்தரவு கொடுக்க மாட்டார்.

முதல் விளையாட்டு, அடுக்குமாடி வீடு ஒன்றில் எல்லா மாடத்துச் செடிகளுக்கும் தண்ணீர் ஊற்றுவது. அதை விளையாடியவர்கள் ஒரு பேருந்தில் அடங்கிவிடுவார்கள். இரண்டாவதாகச் செய்தது கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற விளையாட்டு. ஒரே ஒரு தெரு, பன்னிரண்டு கதவுகள், பதினாறு நிறங்கள். மனிதர்கள் ஒவ்வொருவரும் இருபத்து நான்கு பிக்ஸல் புள்ளி உயரம். அந்தத் தெருவில் நடந்துகொண்டே இருக்கும் வயதான ஆள் ஒருவர் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அங்கேதான் வண்டி சேற்றில் மாட்டியது.

ஒரு ஆள் நடக்க எட்டுப் படம் போதும். எட்டையும் வரிசையாக ஓட விட்டால் பொம்மை நடக்கும். இவள் வரைந்த பொம்மையும் நடக்கத்தான் செய்தது, ஆனால் சாவி கொடுத்த மாதிரி நடந்தது. ஒரு கால் கொஞ்சம் தாங்கி நடந்தால் உயிர் வரும் என்று நினைத்து, இடது காலை ஒரு புள்ளி குட்டையாக்கிப் பார்த்தாள். நாடகத்தில் நொண்டி வேடம் போட்டவன் மாதிரி இருந்தது. பன்னிரண்டு நாள், முப்பது விதம். எதுவும் ஒட்டவில்லை.

பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அலுத்துப்போய்ச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் பூட்டுச் சாவிக்கடை வைத்திருப்பவர், ஐம்பத்தைந்து வயதுக்காரர், முனையில் இருக்கும் தேநீர்க் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். இடது கணுக்காலில் தோல்பட்டை. இத்தனை வருடமாகப் பார்க்கிற ஆள்தான். அன்றைக்குத்தான் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். அவர் தாங்கி நடந்த விதம் இவள் வரைந்ததைப் போல இல்லவே இல்லை.

அப்புறம் தினமும் நாலு மணிக்குச் சன்னலில் ஆஜர். கையில் கட்டக் காகிதம். கடையிலிருந்து முனை வரை அவருக்கு ஐம்பத்தெட்டு காலடி என்று எண்ணினாள். எந்த அடியில் தலை இறங்குகிறது, எந்த அடியில் கை வீசுகிறது என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் கதவைத் தட்டும் சத்தம். ஓட்டுநருக்கு அன்று விடுமுறை, அவர்தான் திறந்தார். வாசலில் பூட்டுக்காரர்.

“தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுச் சன்னல்லேர்ந்து யாரோ என்னை வேவு பாக்குறாங்க. நான் டீ குடிக்கப் போறப்பல்லாம் எழுதிக்குறாங்க. நான் யார் வீட்டுப் பூட்டையும் கேக்காம திறந்ததில்லீங்க.”

ஓட்டுநர் திரும்பி மனைவியைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவள் காகிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்து, பென்சிலைக் கீழே போட்டாள்.

“அண்ணா, உள்ள வாங்க. நான் உங்க நடையைத்தான் வரைஞ்சேன். கேட்டுட்டு வரைஞ்சிருக்கணும். கேட்டா நீங்க மாத்தி நடப்பீங்களோன்னு பயந்துட்டேன்.”

“என் நடையையா? ஊர்ல நல்லா நடக்கிறவன் எவனும் கிடைக்கலையா?”

“நல்லா நடக்கிறவங்க எல்லாரும் ஒரே மாதிரி நடக்கிறாங்கண்ணா.”

பூட்டுக்காரருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது போலிருக்கிறது, உட்கார்ந்தார். திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் ஆள் நடந்துகொண்டிருந்தான். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். ஒரு பூட்டின் உள்விவகாரத்தைப் பார்க்கிறவருடைய குனிவு அது.

“இது நான் இல்லையே. இவன் இடது காலை இழுக்கிறான். நான் இழுக்க மாட்டேன்.”

“பின்ன எப்படி நடக்கிறீங்க?”

“அது எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் என்ன சன்னல்லேர்ந்தா பாக்குறேன்?”

அவரே கூடத்தில் இங்கும் அங்கும் நடந்து காட்டினார். ஓட்டுநர் மேசையை ஒதுக்கி வழிவிட்டார். ஏழெட்டு நடைக்குப் பிறகு கட்டத்துக்குச் சட்டென்று பிடிபட்டது. சங்கதி இடது காலில் இல்லை. வலது காலை ஊன்றும்போதெல்லாம் அவருடைய உடம்பு முழுக்க வலது பக்கம் சாய்ந்துவிட்டு மீண்டது. மூன்றாவது படத்தில் தோளை வலது பக்கம் ஒரே ஒரு புள்ளி நகர்த்தினாள். இருபத்து நான்கு புள்ளி ஆளுக்கு ஒரு புள்ளி என்பது சின்ன விஷயமல்ல. ஓட விட்டாள்.

பூட்டுக்காரர் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தார்.

“அட, நான்தான்” என்றார். “கடங்காரன், என்னை மாதிரியே நடக்கிறான் பாரு.”

விளையாட்டு வெளிவந்தது. இந்த முறை ஒரு பேருந்தில் அடங்கவில்லை. ஓட்டுநரின் கணக்குப்படி ஒரு பணிமனைப் பேருந்துகள் முழுக்கத் தேவைப்பட்டன. எழுதியவர்கள் பலர். ஏழாம் கதவு திறக்கவில்லை என்றார்கள். தெருவில் அவள் வரைந்திருந்த நாய்க்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எங்கோ தூரத்து ஊரில் இயன்முறை மருத்துவர், ஒரு பெண்மணி.

“உங்கள் தெருவில் நடக்கும் பெரியவரைப் பார்த்தேன். விளையாட்டை விட்டுவிட்டு அவரையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இது கற்பனை நடையா, யாரையாவது பார்த்து வரைந்ததா? பார்த்து வரைந்தது என்றால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு படத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இப்படிச் சாய்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவருக்குக் கோளாறு இடது காலில் இருக்காது. வலது இடுப்பைக் காட்டச் சொல்லுங்கள். கையால் ஏதாவது பிடித்துக்கொண்டு அவர் ஒற்றைக் காலில் நிற்கட்டும், முதலில் இடது, பிறகு வலது. உங்களுக்கே தெரிந்துவிடும்.”

கட்டம் அதை நான்கு முறை படித்தாள். தான் ஒரு புள்ளியை நகர்த்தினோம், அதை எங்கிருந்தோ ஒருத்தி வாசித்துவிட்டாள் என்பது அவளை உலுக்கியது. நுண்ணோக்கியின் மறுமுனையில் தானே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஆனால் ஒரு மனிதரிடம் போய், பொம்மையைப் பார்த்து உங்களுக்கு நோய் சொல்லியிருக்கிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது?

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் கணவர். “என் வண்டியில சத்தம் வந்தா பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிச்சுச் சொல்லுவான். நான் கோவிச்சுக்கிறதில்ல.”

இரண்டு பேருமாகச் சாவிக்கடைக்குப் போனார்கள். பூட்டுக்காரர் கடிதத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“பத்தொன்பது வருஷம் முன்னாடி ஏணியிலேர்ந்து விழுந்தேன். உடைஞ்சது இடது கணுக்கால். பட்டை கட்டியிருக்கிறது இடது கால்ல. இந்தம்மா வலது இடுப்புங்குது. தென்னை மரத்துல தேள் கொட்டினா பனை மரத்துல நெறி கட்டுமா?”

“சும்மா நின்னு பாருங்கண்ணா. ஒரு நிமிஷம்தான்.”

“கடை வாசல்ல கொக்கு மாதிரியா?”

நின்றார். சாவிகள் தொங்கும் பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முதலில் இடது காலில் நின்றார். பட்டை கட்டிய அந்தக் கால், உடைந்த கால், இருபது எண்ணும் வரை தூண் மாதிரி நின்றது. “பார்த்தியாம்மா, இரும்பு!” என்றார். பிறகு வலது. கட்டம் உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கைச் சொல்வதற்குள் இடுப்பு ஒரு பக்கமாக இறங்கி, சாவிப் பலகை கலகலத்து, அவர் ஓட்டுநரின் மார்பில் வந்து சாய்ந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் நிமிர்ந்து தன் வலது காலைப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக நல்லவன் என்று நம்பி வைத்திருந்த ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“ராத்திரி இந்தப் பக்கம் படுத்தா வலிக்கும்” என்றார் மெதுவாக. “இடது காலுக்குச் சேத்து உழைக்குது, அதனாலதான் வலின்னு நினைச்சுப்பேன். யார்கிட்டயும் சொன்னதில்ல.”

மறுவாரம் மருத்துவமனைக்குப் போனார். அவர் நினைத்ததில் பாதி சரிதான். கணுக்கால் என்றைக்கோ ஆறிவிட்டது. ஆனால் அதைக் காப்பாற்றுகிறேன் என்று வருடக்கணக்காக வலது பக்கமே பாரத்தைப் போட்டதில், வலது இடுப்பு மூட்டு தேய ஆரம்பித்திருந்தது. தசையும் வலுவிழந்திருந்தது. இன்னும் நாலைந்து வருடம் விட்டிருந்தால் அறுவை சிகிச்சைதான் என்றார்களாம். இப்போதைக்குப் பயிற்சி போதும். பட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. “பத்தொன்பது வருஷம் பழகினவனாச்சே” என்று கல்லாப் பெட்டிக்குள் கொஞ்ச நாள் வைத்திருந்தார்.

எட்டு மாதத்தில் வலி முக்கால்வாசி போனது. சாய்வு முழுக்கப் போகவில்லை, ஆனால் குறைந்துவிட்டது. கட்டம் நாலு மணிக்கு எண்ணினாள்: ஐம்பத்தெட்டு காலடி ஐம்பத்தொன்றாகியிருந்தது. அடி எடுத்து வைக்கிற தூரம் கூடியிருக்கிறது.

ஒருநாள் அவர் நேரே வந்து, விளையாட்டைக் காட்டு என்றார். திரையில் அந்த ஆள் பழையபடி சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டிருந்தான்.

“இவன் இன்னும் இப்படியே நடக்கிறானே!”

“மாத்திடவாண்ணா? பத்து நிமிஷ வேலை. தோளைத் திருப்பி வச்சா போதும்.”

அவர் தாடையைச் சொறிந்தார். “வேணாம். ஒரே நாள்ல சரியாச்சுன்னா எவன் நம்புவான்? அவனும் டாக்டர்கிட்ட போகட்டும். நான் மட்டும்தான் கஷ்டப்படணுமா?”

அந்தப் பேச்சு அவளுக்குள் புகுந்துகொண்டது. இரண்டு மாதம் உட்கார்ந்து, தெருக்கோடியில் பதின்மூன்றாவதாக ஒரு கதவு வைத்தாள். அதற்குள் ஓர் இயன்முறை அறை. விளையாடுகிறவர் அங்கே ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தால், அடுத்த நாளிலிருந்து பெரியவரும் அந்தக் கதவுக்குள் போய்வருவார். தோளின் சாய்வைப் படிப்படியாகக் குறைக்க அவள் நாற்பது படம் வரைந்தாள். ஒரு முழுப் புள்ளிக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் எதுவும் கிடையாதே, எப்படிக் குறைப்பது? நிறத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி அரைப்புள்ளி மாதிரி கண்ணை ஏமாற்றும் வித்தையை அப்போதுதான் கற்றுக்கொண்டாள்.

புதிய அப்டேட்டை முதலில் அந்த மருத்துவருக்கு அனுப்பி, நடந்தது முழுவதையும் எழுதினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. பூட்டுக்காரர் நலமாக இருப்பதில் எவ்வளவு மகிழ்ச்சி என்று இரண்டு வரி. நடையில் சாய்வு குறைந்து வருவது நிஜம்போலவே இருக்கிறது, அரைப்புள்ளியை எப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வரி. பிறகு கீழே:

“ஒரே ஒரு குறை. என் அறையில் கட்டில் மிக உயரமாக இருக்கிறது. இடுப்பு வலிக்காரர் அதில் எப்படி ஏறுவார்?”

கட்டம் சத்தமாகச் சிரித்துவிட்டு, கட்டிலை இரண்டு புள்ளி இறக்கினாள்.