எண் இல்லாத வள்ளம்

“செவ்வாய், சாம்பல் புதனுக்கு முதல்நாள். பின்னேரம் நாலரை. தங்கச்சி படத்தை விரித்தாள். ஆறு பேர் பார்த்தார்கள்.” என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

அந்த ஆறு பேரும் ஊர்காவற்றுறைச் சம்மாட்டிமார், சொந்த வள்ளம் வைத்திருப்பவர்கள். வலை கிழியும் அளவுக்கு மீன் பட்ட வேதக்காட்சியை ஐந்நூறு வருடத்துக்கு முன் இத்தாலிய மேதை ஒருவர் தீட்டியிருக்கிறார். சித்திர ரீச்சரான தங்கச்சி அதைப் பார்த்து, கோடு பிசகாமல் கரியால் வரைந்திருந்தாள். இவர்கள் சம்மதித்தால் அதையே எங்கள் வேதக்கோவில் சுவரில் பெரிதாகத் தீட்டுவாள். இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் அச்சடித்த பதாகை ஒன்று தொங்கும். பங்குக் குருவான சுவாமி முடிவை அவர்களிடமே விட்டிருந்தார்.

மூத்த சம்மாட்டி கண்ணாடியைப் போட்டார்.

“ஆண்டவர் இருக்கிற வள்ளத்தில எத்தினை பேர், ரீச்சர்?”

“மூண்டு பேர், அண்ணை.”

“மீனோடயோ?”

“ஓம்.”

“அப்ப மீன் பட்டது புதுமையில்லை. உந்தச் சின்ன வள்ளம் தாழாமல் நிக்கிறதுதான் புதுமை.”

ஆட்கள் பெரிதாகத் தெரியவே ஓவியர் வள்ளத்தைச் சிறிதாக்கினார் என்று எங்கோ வாசித்ததைச் சொன்னேன்.

“ஆண்டவர் இருக்கிறார், தாழாது,” என்றார் மூத்தவர். “ நாங்கள் போறது அவர் ஏறாத வள்ளத்தில. உதுக்கு முன்னால எங்கட பெண்டுகள் எப்பிடி மன்றாடுறது?”

“ஏறிப் பாப்பமோ?” என்றாள் தங்கச்சி.

மறுநாள் காலைப் பூசை முடிந்து, நெற்றிச் சாம்பலோடு மூன்று பேர் கரையில் கிடந்த ஆகச் சின்னத் தோணியைத் தண்ணீரில் இறக்கி ஏறினார்கள். படத்தில் உள்ளபடி ஆண்டவரின் இடத்தில் மூத்தவர் இருந்தார். இன்னொருவர் முழந்தாளிட்டார். மூத்தவரின் மருமகன் கைவிரித்து நின்றார். என் மணிக்கூட்டின்படி ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தோணி தாங்கியது. பிறகு மூவரும் தண்ணீரில்.

மூத்தவர் சாம்பல் கழுவுண்ட நெற்றியோடு எழும்பினார்.

“தோணியில பிழையில்லை. நிண்டவன் சரியில்லை.”

“மாமாதான் அசைஞ்சவர்.”

“நான் ஆண்டவர். நான் ஏன் அசையிறன்?”

தோணியில் பிழையில்லை என்று அவரே சொல்லிவிட்டதால் சம்மதம் கிடைத்தது. ஒரு நிபந்தனை: வள்ளத்தில் பதிவு எண் இருக்கவேண்டும். எண் இல்லாவிட்டால் நேவி மறிக்குமாம். யாருடைய எண் என்று கேட்டதும் ஆறு பேரும் ஒரேயடியாகக் கதைத்தார்கள். தங்கச்சி வாதாடவில்லை. படத்து வள்ளத்தின் முன்புற அணியத்தில் ஏதோ எண்ணை எழுதி, அதன் கீழ்ப்பாதியை அலையால் மூடினாள்.

சுவரிலும் அப்படியே. ஆறு பேரும் அது தங்களுடையது என்கிறார்கள். நான் கரைக்குப் போய் ஆறு வள்ளங்களின் எண்களையும் குறித்துவந்து ஒப்பிட்டேன். இரண்டு பொருந்துகின்றன. தங்கச்சியோ வாய் திறக்கிறாளில்லை. எந்த வள்ளம் என்பது இன்னும் உறுதிப்படவில்லை.